தலைகீழ் அட்டை

பிப்ரவரி 3

அண்ணிக்கு வாலு எழுதறேன்.

எனக்கு ஒரு குறையும் இல்ல, தலைமுடி கொட்டறதைத் தவிர. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கீங்க? அண்ணன் இன்னும் சட்டைப் பையில ரெண்டு பேனா வச்சுக்கிட்டு, கடன் கேட்கறவங்களுக்கு மட்டும் அப்பாவோட எழுதாத மைப்பேனாவை நீட்டறாரா? அந்தக் கஞ்சத்தனத்தை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது.

இந்தக் காலத்துல கடிதமான்னு கேட்காதீங்க. போன்ல பேசினா மூணாவது நிமிஷம் நீங்க "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு ஓடிடுவீங்க. எனக்கு வேண்டியது நிதானமா எழுதின பதில்.

விஷயம் இதுதான். உங்க டயாலிசிஸ் சென்டரை நடத்தறவங்களோட பதினாலு சென்டருக்கும் சேர்த்து ஒரே சாப்ட்வேர் செய்யற வேலை எங்க கம்பெனிக்கு வந்திருக்கு. அதைக் கட்டறதுக்கு முன்னாடி, அங்க யார் வர்றாங்க, எதுக்காக, எந்தப் படியில என்ன செய்யறாங்கன்னு எழுதி முடிக்கணும். அதுக்குப் பேர் யூஸ் கேஸ். அதை எழுதறது என் பொறுப்பு, முதல் தடவையா தனியா.

உதாரணம் சொல்றேன். அண்ணன் கார் ஓட்டக் கத்துக் கொடுக்கறார். ஆக்டர்: மாணவி. நோக்கம்: வண்டியை ரிவர்ஸ் எடுக்கணும். எல்லாம் ஒழுங்கா நடந்தா என்னென்ன படி, அது நேர்வழி. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சா என்ன ஆகும், அது கிளைவழி. அண்ணன் கத்தறதெல்லாம் கிளைவழியில வரும்.

உங்க வேலையை இந்த மாதிரி எனக்கு எழுதுங்க. படம் ஒண்ணு போட்டு அனுப்பியிருக்கேன். பெரிய கட்டம்தான் சிஸ்டம். வெளிய நிக்கிற குச்சி மனுஷங்கதான் ஆக்டர்.

அண்ணனை போன் எடுக்கச் சொல்லுங்க. சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கு.

உங்க வாலு

⁂

பிப்ரவரி 14

வாலுக்கு,

கடிதம் வந்தது. முடி கொட்டினா கொட்டட்டும், மூளை கொட்டாம பார்த்துக்கோ. இங்க ரெண்டு பேரும் இருக்கோம். உன் அண்ணனுக்கு வேலை ஜாஸ்தி.

இனிமே வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, சென்டர் விலாசத்துக்கு எழுது. வீட்டுல காகிதம் எல்லாம் எங்கேயாவது போயிடுது.

ஆக்டர்னா நடிகர்தானே? எங்க சென்டர்ல நடிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான், ஏழாம் நாற்காலி. கால் மரத்துப் போனாலும் "சூப்பரா இருக்கேன் மேடம்"பார். மத்தவங்க எல்லாம் உள்ளதைச் சொல்றவங்க. அப்புறம் உன் குச்சி மனுஷனுக்கு வயிறே இல்லையே, அவன் சிறுநீரகத்தை எங்க வச்சிருக்கான்?

சரி, கேட்டதைச் சொல்றேன். சிறுநீரகம் வேலை செய்யாதவங்க வாரத்துக்கு மூணு நாள் வந்து, நாலு நாலு மணி நேரம் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டுப் போறாங்க. பதினாறு நாற்காலி. ஒரு நாளைக்கு மூணு ஷிப்ட். பாதிப் பேருக்குத் திங்கள், புதன், வெள்ளி. பாதிப் பேருக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஆக மொத்தம் தொண்ணூத்தாறு பேர். அத்தனை பேருக்கும் ஒரு பலகையில ஆணி அடிச்சு, பேர் எழுதின அட்டை மாட்டியிருக்கேன். எந்த அட்டை எந்த ஆணியில தொங்கணும்கிறதுதான் என் வேலை.

ஆள் வந்தா எடை பார்ப்போம். எத்தனை கிலோ தண்ணி ஏறியிருக்குன்னு தெரியும். ரத்த அழுத்தம் பார்ப்போம், ஊசி போடுவோம், மெஷினை ஓட விடுவோம். முடிஞ்சதும் மறுபடி எடை. இது உன் நேர்வழி.

ஆள் வரலேன்னா அட்டையை எடுக்க மாட்டேன். தலைகீழா மாட்டுவேன். தலைகீழா தொங்கினா, 'இன்னிக்கு இந்த இடத்துல வேற யாராவது உக்காரலாம், ஆனா இடம் இவரோடதுதான்'னு அர்த்தம். ஆயாவிலிருந்து டாக்டர் வரைக்கும் இது தெரியும். காத்திருப்புப் பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு போன் போட்டு அன்னிக்கு மட்டும் வரச் சொல்லுவேன். வராதவர் வீட்டுக்கும் போன் போடுவேன். எடுக்கலேன்னா வேலை முடிஞ்சு போகும்போது கதவைத் தட்டிப் பார்ப்பேன்.

இதையெல்லாம் உன் கட்டத்துக்குள்ள எப்படிப் போடுவேன்னு பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

⁂

மார்ச் 1

அண்ணி, கும்பிடறேன்!

உங்க கடிதத்தை ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன். "இந்த அம்மாவை வேலைக்கு எடுத்துக்கலாமா"ன்னு எங்க டீம் லீட் கேட்டாங்க. எனக்கு ஜலதோஷம், மத்தபடி சௌக்கியம். நீங்க?

பதினொரு யூஸ் கேஸ் எழுதி முடிச்சாச்சு. எடை பார்த்தல், நாற்காலி ஒதுக்குதல், மெஷினைக் கழுவுதல்னு எல்லாமே வரிசையா வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு உங்க பழக்கத்திலிருந்து மாறுது. உங்க தலைமை ஆபீஸ் நிர்வாக அதிகாரி கொடுத்த விதி அது. தொடர்ந்து ரெண்டு தடவை ஒருத்தர் வரலேன்னா, சிஸ்டமே அவர் இடத்தை ரத்து செஞ்சு, காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆளுக்குக் கொடுத்துடும். உங்களுக்கு போன் போடற வேலை மிச்சம், கதவைத் தட்டற வேலை மிச்சம்! இதுக்கு ஏதாவது கிளைவழி இருந்தா எழுதுங்க.

சொந்த விஷயம் ஒண்ணு. அண்ணன் திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் போன் எடுக்கறார். மத்த நாள் அடிச்சா மணி மட்டும் அடிக்குது. போன வருஷம் நான் வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்ததுக்கு இன்னும் கோபமா? நீங்க அனுப்பின போட்டோவுல வேற, இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு விறைப்பா நிக்கறார். கோபம்னா ரெண்டு திட்டு திட்டிட்டு விடச் சொல்லுங்க அண்ணி. இந்த மௌனம் என்னால தாங்க முடியல.

வாலு

⁂

மார்ச் 12

வாலுக்கு,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. நான் நல்லா இருக்கேன், உன் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் இன்னும் நல்லா இருந்தேன்.

யாருக்குடி வேலை மிச்சம்? நான் கேட்டேனா?

ரெண்டு தடவை வராதவங்க யாருன்னு சொல்றேன், கேட்டுக்கோ. மூணாம் நாற்காலி அம்மாவைக் கூட்டிட்டு வர்ற மருமகனுக்கு ஷிப்ட் மாறிப் போச்சு, பஸ்ல ஏற அவங்களுக்குக் கால் வராது. பன்னெண்டாம் நாற்காலி தையல்காரர், பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்தா ஊசியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒரு டீச்சர் பரீட்சை நாள்ல வர மாட்டாங்க. ஒருத்தருக்கு ஜுரம். ஒருத்தருக்கு வெறும் பயம், பக்கத்து நாற்காலிக்காரர் இறந்து போனதைக் கண்ணால பார்த்துட்டார். இவங்க எல்லாருமே திரும்பி வந்தாங்க. வந்தப்போ அவங்க ஆணி அப்படியே இருந்தது. அவ்வளவுதான் நான் செஞ்சது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. உன் அதிகாரி ஒரு நாள் இங்க வந்து உக்காரட்டும்.

இன்னொண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. ஒருத்தருக்கு ஜுரமும் இல்ல, பஸ்ஸும் இருக்கு. ஆனா "வர மாட்டேன், போதும்"னு வீட்டுல உக்காந்துக்கறார். அப்போ உன் சிஸ்டம் என்ன செய்யும்?

உன் அண்ணனுக்கு உன் மேல கோபம் ஒண்ணும் இல்ல. அவருக்கு உன் மேல கோபப்படத் தெரியாது, அது உனக்கே தெரியும். முழுக்கைச் சட்டை ஏதோ புது ஆசை.

அண்ணி

⁂

மார்ச் 25

அண்ணி,

ஜலதோஷம் போயிடுச்சு, உங்க கோபம் போச்சா? நீங்க நல்லபடியா இருக்கணும், திட்டறதுக்காவது.

எல்லாத்தையும் கிளைவழியா சேர்த்துட்டேன். ஜுரம்னா டாக்டர் சீட்டு கொடுத்து ஒரு தடவை நீட்டிக்கலாம். முன்கூட்டியே சொன்னா இன்னொரு தடவை. அதுக்கு மேல அதிகாரி ஒத்துக்கல. காத்திருப்புப் பட்டியல்ல நாப்பது பேர் இருக்காங்களாம், அவங்களும் மனுஷங்கதானேன்னு கேக்கறார்.

ஒருத்தர் வர மறுத்தா என்ன செய்யறதுன்னு கேட்டிருந்தீங்க. அது சிஸ்டத்தோட எல்லைக்கு வெளிய, அண்ணி. வீட்டுக்குள்ள நடக்கிறதை சாப்ட்வேர் எப்படிப் பார்க்கும்? படத்துல கட்டத்துக்கு வெளிய இருக்கிறது எதுவும் எங்க வேலையில வராது. அந்த வரியை எடுத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க.

மே இருபது அன்னிக்கு எல்லாரும் உக்காந்து பார்த்துக் கையெழுத்து போடறாங்க. அதுக்கப்புறம் மாத்தறது குதிரைக் கொம்பு. வேற ஏதாவது இருந்தா சீக்கிரம் எழுதுங்க.

வாலு

⁂

ஏப்ரல் 24

வாலுக்கு,

ஒரு மாசமா பதில் போடல. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எழுத உக்கார நேரம் கிடைக்கல.

நீ கத்துக் கொடுத்தபடியே நானும் ஒரு யூஸ் கேஸ் எழுதியிருக்கேன். தப்பு இருந்தா திருத்து.

பேர்: ஏழாம் நாற்காலிக்காரரை வர வைத்தல்.

ஆக்டர்: வீட்டுக்காரி.

நோக்கம்: அவர் உயிரோட இருக்கணும்.

முன்னாடி நடந்தது: சனிக்கிழமை வரல. செவ்வாய்க்கிழமை வரல. பலகையில அட்டை தலைகீழா தொங்குது. முகம் வீங்கியிருக்கு, படுத்தா மூச்சு வாங்குது, அதனால நாற்காலியில உக்காந்தபடியே தூங்கறார்.

படி ஒண்ணு. வியாழக்கிழமை காலையில வீட்டுக்காரி கிளம்பச் சொல்றா. அவர், "வாரத்துக்கு மூணு நாள் மெஷினுக்கு, மிச்ச நாள் அந்தக் களைப்புக்கு. எனக்குன்னு எது நாள்? போதும்"கிறார்.

படி ரெண்டு. வீட்டுக்காரி கெஞ்சறா. பலன் இல்ல.

படி மூணு. வீட்டுக்காரி திட்டறா. அதுக்கும் பலன் இல்ல. அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு எதிர்வீட்டுக் கம்பிகளை எண்ணறார்.

படி நாலு. டாக்டருக்கு போன் பண்றா. டாக்டர் சொன்னதை எழுதிக்கப் பக்கத்துல இருந்த அவர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கறா. ஒண்ணு எழுதல. ரெண்டாவதுதான் எழுதுது.

படி அஞ்சு. வீட்டுக்காரி அழறா. இதை எழுத வேண்டாம்னு பார்த்தேன். ஆனா ஒரு படியையும் விடக் கூடாதுன்னு நீதான் சொன்னே.

படி ஆறு. வேற ஒண்ணும் தோணாம, "உங்க அட்டையைத் தலைகீழா மாட்டியிருக்கு. யாரும் எடுக்கல. நீங்க வந்தாதான் திருப்பி மாட்ட முடியும்"னு சொல்றா.

படி ஏழு. அவர் திரும்பிப் பார்க்கறார். "அஞ்சு நாளா தலைகீழாவா தொங்கறேன்?"னு கேக்கறார். சிரிப்பு வந்துடுது. சிரிச்சா இருமல் வருது. இருமி முடிச்சுட்டு, "செருப்பு எங்க?"ங்கறார்.

முடிவு: வந்தார். ஆறு கிலோ தண்ணி. ரெண்டு தடவையா எடுத்தோம். இப்போ பரவாயில்ல.

உன் சிஸ்டம் இருந்திருந்தா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அந்த ஆணியில வேற அட்டை. வியாழக்கிழமை ஆறாவது படியில அந்த வீட்டுக்காரி எதைச் சொல்லிக் கூப்பிடுவா?

இது உன் எல்லைக்கு உள்ளயா வெளியவா?

அண்ணி

⁂

ஏப்ரல் 29

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரல.

எழுதாத பேனா. சின்ன வயசுலருந்தே அவர் ஜன்னல் கம்பி எண்ணறது. செவ்வாய், வியாழன், சனி. முழுக்கைச் சட்டைக்குள்ள ஊசித் தழும்பு. அவர் செருப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க.

எத்தனை நாளா அண்ணி? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டீங்களே! நான் அவருக்குக் கோபம்னு நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். அவர் அங்க மூச்சு விட முடியாம உக்காந்திருந்திருக்கார். "எல்லைக்கு வெளிய"ன்னு நான் டைப் அடிச்சேன். என் கையால அடிச்சேன்.

எனக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை. சின்ன வயசுல நான் மரத்திலிருந்து விழுந்தப்போ அவர்தான் ரத்தம் கொடுத்தார். நான் கிளம்பி வர்றேன். என்ன பரிசோதனை செய்யணுமோ செஞ்சுக்கறேன்.

வாலு

⁂

மே 5

வாலுக்கு,

முதல்ல முகத்தைக் கழுவு. தண்ணி குடி, உனக்குத்தான் அளவில்லாம குடிக்கக் கொடுத்து வச்சிருக்கு.

பதினாலு மாசம் ஆச்சு. உன் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினார், உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. ஏன்னு தெரியுமா? "வாலுக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல ஒரு கிட்னியோட வந்து நிக்கும். அதுக்கு இன்னும் வாழ்க்கையே ஆரம்பிக்கல. நான் அதுகிட்ட வாங்க மாட்டேன்"னார். நீ போட்ட கடிதத்தோட கடைசி வரியைப் பார்த்தேன். மனுஷன் உன்னைச் சரியாத்தான் கணிச்சு வச்சிருக்கார்.

நான் சத்தியத்தை மீறல. நீ கேள்வி கேட்டே, நான் பதில் எழுதினேன். வேலை விஷயமா.

இப்போ கேளு. நீ வர வேண்டாம், மே இருபது முடியற வரைக்கும். இங்க வந்து அவர் பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்தறதால அவருக்கு ஒரு கிராம் தண்ணி இறங்காது. அந்த விதியை மாத்து. உன் அண்ணனுக்காக மாத்தாதே. அப்படி மாத்தினா நாளைக்கு இன்னொருத்தி வந்து தன் அண்ணனுக்காக வேற மாதிரி மாத்துவா. பதினாலு சென்டர்லயும் தலைகீழா தொங்கற அத்தனை அட்டைக்காகவும் மாத்து. உன்னால முடியலேன்னா, முடியறவங்க யாருன்னு சொல்லு, நான் அவங்களைப் பிடிக்கறேன்.

ரெண்டு வாரமா அவர் ஒழுங்கா வர்றார். வயித்துக்குப் போடு, ராத்திரி தூங்கு.

அண்ணி

⁂

மே 13

அண்ணி,

சாப்பிடறேன், தூங்கறேன். நீங்க சொன்னதைத்தான் செய்யறேன்.

எங்க லீட்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்த நோயாளி என் அண்ணன்னும் சொன்னேன். அவங்க, "அப்போ இந்த ஒரு யூஸ் கேஸ்ல உன் பேர் இருக்கக் கூடாது. மே இருபது கூட்டத்துல இதைப் பேசும்போது நீ வெளிய போயிடணும்"னாங்க. நியாயம்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனா நியாயம்தான்.

அப்புறம் அவங்களே, "அப்போ பேசப் போறது யாரு? அட்டையைத் திருப்பறது யாரோ அவங்கதான் பேசணும்"னாங்க. கூட்டம் வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு. நீங்க அங்கிருந்தே வீடியோவுல வரணும். கேமராவை உங்க மூஞ்சிக்கு வைக்காதீங்க, பலகைக்கு வையுங்க.

அதிகாரி நாப்பது பேர் காத்திருக்காங்கன்னுதான் ஆரம்பிப்பார். கெட்டவர் இல்ல. அவருக்கு எண்ணிக்கைதான் புரியும். வருஷா வருஷம் வந்தவங்க, வராதவங்க கணக்கை நீங்க எழுதற அந்த நீல நோட்டுல எல்லாம் இருக்குமே? எத்தனை அட்டை ரெண்டு தடவைக்கு மேல திரும்பிச்சு, எத்தனை பேர் திரும்பி வந்தாங்க, தலைகீழா இருந்த நாள்ல நாற்காலி காலியா இருந்ததா. இந்த மூணையும் எண்ணி வச்சுக்கோங்க. பயப்படாதீங்க.

பயப்பட மாட்டீங்கன்னு தெரியும். எனக்கு நானே சொல்லிக்கறேன்.

வாலு

⁂

மே 22

வாலுக்கு,

நீ நகத்தைக் கடிச்சுத் துப்பிக்கிட்டு கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன்னு உங்க லீட் சொன்னாங்க. சந்தேகமே இல்லாம நம்பினேன். உள்ள நடந்ததைச் சொல்றேன்.

அதிகாரி நீ சொன்ன மாதிரியே நாப்பது பேர்ல ஆரம்பிச்சார். நான் நோட்டைத் திறந்தேன். மூணு வருஷத்துல அறுபத்தோரு அட்டை தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல தலைகீழா தொங்கியிருக்கு. அதுல அம்பத்தேழு பேர் திரும்பி வந்தாங்க. நாலு பேர் வரல. அந்த நாலு பேர் பேரையும் சொன்னேன்.

"அது வரைக்கும் நாற்காலி சும்மாதானே கிடந்தது?"ன்னார். "ஒரு நாள் கூட இல்ல சார். உங்க நாப்பது பேர்லருந்துதான் கூப்பிட்டு உக்கார வச்சேன். தலைகீழ் அட்டை இல்லேன்னா அவங்களுக்கு அந்த நாலு மணி நேரமும் கிடைச்சிருக்காது"ன்னேன். அவர் எதையோ எழுதிக்கிட்டார்.

"சரிம்மா, வர முடியாதவங்களுக்கு இது சரி. முடிஞ்சும் வராதவங்களுக்கு எதுக்கு?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து ஒரு குரல்: "அந்த ஆளு நான்தாங்க."

வியாழக்கிழமை, பதினொரு மணி. ஏழாம் நாற்காலியிலதானே இருப்பார்? பலகைக்கு எதிர்ல ஏழாம் நாற்காலின்னு எனக்குத் தெரியாதா, வியாழக்கிழமை அவர் நாள்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு பேருமே மறந்து தொலைச்சுட்டோம். ஊசி குத்தின கையை அசைக்காம, கழுத்தை மட்டும் நீட்டிக்கிட்டுப் பேசினார். "வேற எந்தக் காரணமும் இல்லீங்க, வெறுத்துப் போச்சு. இடம் போயிடுச்சுன்னு ஒரு மெசேஜ் வந்திருந்தா 'சரி, நல்லதாப் போச்சு'ன்னு இருந்திருப்பேன். அட்டை தொங்குதுன்னு சொன்னாங்க. தலைகீழா தொங்கறது அசிங்கமா இருந்தது. அதான் வந்தேன்."

அதிகாரி தன் காகிதத்துல அந்த வரியை அடிச்சுட்டார்.

விதி மாறிடுச்சு. ரெண்டு தடவை வரலேன்னா சிஸ்டம் அட்டையைத் தலைகீழாக்கும், அன்னிக்கு மட்டும் வேற ஆளைக் கூப்பிடும், எங்களுக்குத் தகவல் சொல்லும். நோயாளிகிட்டயோ வீட்டுலயோ ஒரு மனுஷன் பேசி, தன் பேரைப் போட்டாதான் இடத்தை எடுக்க முடியும். அஞ்சு தடவைக்கு மேல போனா டாக்டர் முடிவு பண்ணணும்னு அதிகாரி விடாப்பிடியா நின்னார். அதை விட்டுக் கொடுத்தேன். அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும், அடுத்த வருஷம் அதையும் பார்த்துக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், "வாலுக்குத் தெரியுமா?"ன்னார். "நான் சொல்லல. அதுவே படிச்சுக் கண்டுபிடிச்சுது"ன்னேன். உனக்கு ஏதோ எழுதிக்கிட்டு இருக்கார்.

அண்ணி

⁂

ஜூன் 1

வாலு,

நல்லா இருக்கேன். இந்தத் தடவை நடிப்பு இல்ல. ரெண்டரைக் கிலோதான் ஏறியிருந்தது, கேட்டுக்கோ.

உங்க அண்ணிக்கு வாயும் இல்ல, வஞ்சகமும் இல்லேன்னு நினைச்சிருந்தேன். ரெண்டுமே வண்டி வண்டியா இருக்கு.

உன்கிட்ட மறைச்சது தப்புன்னு நீ சொல்லுவே. சொல்லிட்டுப் போ. உன்னைச் சைக்கிள்ல உக்கார வச்சு நான்தான் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். இப்போ நீ என்னைப் பிடிச்சுக்கிட்டு ஓடறதைப் பார்க்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான் காரணம்.

பரிசோதனை, சம்மதப் படிவம், கையெழுத்துன்னு ஏதேதோ ஏற்பாடு பண்றியாம். அண்ணி சொன்னா. அண்ணன் பேச்சுக்கு மரியாதை இருந்தா ஒரே ஒரு விஷயம் செய். அப்பாவோட பேனாவை இதோட அனுப்பியிருக்கேன். அந்தப் படிவத்துல கையெழுத்து போடணும்னா இந்தப் பேனாவாலதான் போடணும்.

உடம்பைப் பார்த்துக்கோ. நீ செஞ்ச வேலை பெரிய வேலை. இங்க தையல்காரர் எல்லாருகிட்டயும் உன்னைப் பத்தித்தான் பேசறார்.

அண்ணன்

⁂

ஜூன் 10

அண்ணனுக்கு வாலு எழுதறேன்.

நான் நல்லா இருக்கேன். எத்தனை நல்லா இருக்கேன்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார், முதல் கட்டப் பரிசோதனைத் தாள் இதோட இருக்கு. இன்னும் நாலு பரிசோதனை பாக்கி. பொருந்துமா பொருந்தாதான்னு அப்புறம்தான் தெரியும். பொருந்தலேன்னா பட்டியல்ல பேர் கொடுப்போம், அப்பவும் நான்தான் ஓடப் போறேன். இப்போதைக்கு நேர்வழி மட்டும் யோசிக்கறேன். கிளைவழி வந்தா வந்தப்போ பார்த்துக்கலாம்.

நீங்க வாங்க மாட்டேன்னு சொல்றீங்க. வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா என் அட்டையை ஆணியில மாட்டிட்டேன். நீங்க எத்தனை தடவை மாட்டேன்னாலும் அதை யாரும் எடுக்க முடியாது. அதுதான் இப்போ விதி, பதினாலு சென்டர்லயும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில வர்றேன். அண்ணிகிட்ட சொல்லி ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வைக்கச் சொல்லுங்க.

பேனா பத்திரமா வந்து சேர்ந்தது. நிப்பைக் கழட்டி மூணு நாள் வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சேன். எத்தனை வருஷத்து மையோ, கரைஞ்சு கரைஞ்சு வந்தது. நாலாவது நாள் பழைய பல் துலக்கற பிரஷ்ஷால தேய்ச்சு, புது மை ஊத்தினேன். முதல்ல கொஞ்சம் முரண்டு பிடிச்சது, நம்ம வீட்டுச் சாமான்தானே.

படிவத்துல அதாலதான் கையெழுத்து போட்டேன். இந்தக் கடிதமும் அதுலதான் எழுதறேன்.

வாலு